கண்ணில் பட்டும் கருத்தில் படாத கிருமி

பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே நாம் அடையாளம் கண்டுகொள்ளும் நோய்கள் சில உண்டு. மலேரியா என்றால் குளிர் ஜுரம், காமாலை என்றால் கண்ணில் மஞ்சள், காசநோய் என்றால் ஓயாத இருமல் என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் நோய்க்கோ அப்படி ஒரு முகம் கிடையாது. அது மூட்டில் தொடங்கும், குடலில் வேரூன்றும், சில வேளைகளில் இருதயத்தையும் மூளையையும் பற்றும். ஆண்டுக் கணக்கில் உடம்பில் குடியிருந்தும் தான் இன்னார் என்று காட்டிக்கொள்ளாது. விப்பிள் நோய் என்பது அதன் பெயர்.

இது மிகவும் அபூர்வமான நோய். பத்து லட்சம் மக்களில் ஆண்டுக்கு ஒருவருக்கு வந்தாலே அதிகம் என்று ஐரோப்பாவில் மதிப்பிட்டிருக்கிறார்கள். அங்கே நடுத்தர வயது ஆண்களிடமே பெரிதும் காணப்பட்டிருக்கிறது. நம் நாட்டிலும் ஆங்காங்கே ஒரு சிலருக்கு இந்நோய் கண்டதாக மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. அவ்வளவுதானே, அதைப் பற்றி நாம் ஏன் அறிய வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இரண்டு. கவனிக்காமல் விட்டால் இந்நோய் உயிரைக் கொண்டுபோய்விடும். கண்டறிந்து மருந்து கொடுத்தாலோ பெரும்பாலும் தீர்ந்துவிடும். சாவுக்கும் பிழைப்புக்கும் இடையே நிற்பது, இன்ன நோய் என்று அறியும் அறிவு ஒன்றேதான். இது முதற் காரணம். சிதறிக் கிடக்கும் குறிகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பதே நோயறிதல் என்பதை இந்நோயின் வரலாற்றைப் போல விளக்கிக் காட்டுவது வேறொன்று இல்லை. இது இரண்டாவது காரணம். நான் மருத்துவன் அல்லன். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன். ஆகவே மருத்துவ அறிஞர்கள் எழுதி வைத்திருப்பவற்றைத் தமிழில் எடுத்துச் சொல்வதே என் வேலை.

1907ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஜார்ஜ் ஹாய்ட் விப்பிள் என்ற இளம் டாக்டர் ஒரு சவப் பரிசோதனையின் முடிவுகளை வெளியிட்டார். இறந்தவருக்கு வயது 36. அவரும் ஒரு டாக்டரே; சமயத் தொண்டு நிறுவனம் ஒன்றின் சார்பில் வைத்தியம் செய்து வந்தவர். அவருக்கு ஐந்தாறு ஆண்டுகளாக மூட்டுவலி வந்து வந்து போயிற்று. பிறகு உடம்பு மெலிந்தது, பலம் குன்றியது, இருமல் வந்தது, கொழுப்புக் கலந்த பேதி கண்டது. இறந்தபின் குடலையும், குடலை ஒட்டிய நிணநீர்க் கட்டிகளையும் விப்பிள் அறுத்துப் பார்த்தபோது, அங்கெல்லாம் கொழுப்புத் தேங்கிக் கிடந்தது. ஆகவே இது கொழுப்பு சீரணமாவதில் நேர்ந்த கோளாறு என்று கருதி, அந்தப் பொருள்படவே அவர் நோய்க்குப் பெயரிட்டார்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வெள்ளிச் சாயம் ஏற்றிய ஒரு நிணநீர்க் கட்டியில், கோல் வடிவான நுண்ணுயிர்கள் ஏராளமாக இருப்பதையும் விப்பிள் கண்டார். கண்டதை எழுதியும் வைத்தார். ஆனால் அவையே நோய்க்குக் காரணம் என்று துணிந்து சொல்ல அவரிடம் சான்று போதவில்லை. ரத்தசோகைக்கு ஈரல் உணவு மருந்தாவதைப் பற்றிய ஆராய்ச்சிக்காக, 1934இல் வேறிருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பெருமகனார் அவர். அத்தகையவரின் கண்ணில் பட்ட கிருமி, உலகத்தின் கருத்தில் படுவதற்கு மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அந்த இடைக்காலத்தில் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1949இல் பிளாக்-ஷாஃபர் என்ற அறிஞர், பி.ஏ.எஸ். எனப்படும் ஒருவகைச் சாயத்தைக் குடல் திசுவில் ஏற்றிப் பார்த்தார். கிருமிகளை விழுங்குவதற்கென்றே உடம்பில் உள்ள பெரிய அணுக்கள், ஆழ்ந்த செம்மை நிறம் கொண்டு பளிச்சென்று தெரிந்தன. அவற்றுள் அடைந்து கிடந்தது கொழுப்பு அன்று. சர்க்கரைப் பொருள் சேர்ந்த வேறு ஏதோ ஒன்று என்பது அப்போது விளங்கியது. 1952இல் இங்கிலாந்தில் பாலி என்ற டாக்டர், ஒரு நோயாளிக்குக் குளோரம்ஃபெனிக்கால் என்னும் ஆன்டிபயாடிக் மருந்தைக் கொடுக்க, அவர் தேறினார். கொழுப்புக் கோளாறு என்றால் கிருமி மருந்துக்கு ஏன் அடங்க வேண்டும்? இந்த வினாவுக்கு 1961இல் விடை கிடைத்தது. எலெக்ட்ரான் நுண்நோக்கியில் பார்த்தபோது, அந்த அணுக்களுக்கு உள்ளும் புறமும் பாக்டீரியாக்கள் நிறைந்திருப்பது ஐயமறத் தெரிந்தது. நிறம் ஏறிய பொருள், அணுக்கள் விழுங்கியும் செரிக்க முடியாத கிருமிகளின் மிச்சமே ஆகும்.

காரணம் கிருமிதான் என்று தெரிந்தபின்னும் அது எந்தக் கிருமி என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் எதைப் போட்டு வளர்த்தாலும் அது வளர மறுத்தது. ஆகவே, வளர்க்காமலே அடையாளம் காணும் வழியை நாடினார்கள். எல்லாப் பாக்டீரியாக்களுக்கும் பொதுவாக உள்ள ஒரு மரபணுவை நோயாளியின் திசுவிலிருந்து பிரித்தெடுத்து, அதன் எழுத்து வரிசையைப் படித்தார்கள். 1991, 1992ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இந்த ஆராய்ச்சிகளால், அதுவரை எவரும் அறியாத புதிய கிருமி அது என்று புலனாயிற்று. கிரேக்க மொழியில் ஊட்டத்தைக் குறிக்கும் சொல்லையும் தடையைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து, விப்பிளின் பெயரையும் கூட்டி, ட்ரொஃபெரிமா விப்பிளை என்று பெயர் வழங்கினார்கள். உண்ட உணவு உடம்பில் ஒட்டாமல் தடுப்பது என்பது கருத்து. தின்னத் தின்ன மெலியும் நோயாளிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

2000ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து மார்சேய் நகரத்தில், ரவூல் என்பாரின் குழுவினர், ஒரு நோயாளியின் இருதய வால்விலிருந்து இக்கிருமியை எடுத்து, மனித உயிரணுக்களுக்குள் வைத்து வளர்த்துக் காட்டினார்கள். ஒன்று இரண்டாவதற்கு அது எடுத்துக்கொண்ட காலம் ஏறத்தாழ 18 நாள்! நம் குடலில் சாதாரணமாக வாழும் பாக்டீரியா, நல்ல சூழலில் அரைமணி நேரத்திற்குள் இரட்டித்துவிடும். 2003இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து முடித்தார்கள். அதில் இருந்தவை ஏறத்தாழ 9 லட்சத்து 27 ஆயிரம் எழுத்துகளே. மிகச் சிறிய தொகுதி அது. உயிர் வாழ வேண்டிய அமினோ அமிலங்கள் பலவற்றைத் தானே செய்துகொள்ளும் வல்லமை இதற்கு இல்லை என்பது அதிலிருந்து தெரிந்தது. குறைந்தவை எவை என்று பார்த்து அவற்றைச் சேர்த்து ஓர் ஊட்டநீரைத் தயாரித்ததும், உயிரணுவின் துணையின்றியே அது வளர்ந்தது. ஒரு நூற்றாண்டுக் காலம் வளர மறுத்த கிருமி, தன் குறை இன்னதென்று அறிந்தவர்களுக்கு வசப்பட்டது.

இனி நோயாளியின் பக்கம் வருவோம். இந்நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் மூட்டுவலி. ஒரு மூட்டில் வரும், சில நாள் இருக்கும், போய்விடும், பிறகு வேறொரு மூட்டில் தோன்றும். மூட்டு பெரும்பாலும் கோணிப் போவதில்லை. வாத நோய்க்கான ரத்தப் பரிசோதனைகளும் ஒன்றும் காட்டுவதில்லை. இப்படியே ஐந்து ஆண்டு, ஆறு ஆண்டு, அதற்கு மேலும் கழியலாம். அதன் பின்னரே பேதி, வயிற்றுவலி, உடல் மெலிவு, விட்டு விட்டு வரும் ஜுரம், ரத்தசோகை, நிணநீர்க் கட்டிகளின் வீக்கம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சிலருக்குக் குடலில் ஒரு தொல்லையும் இல்லாமலே இருதய வால்வில் கிருமி குடிகொள்கிறது. வேறு சிலருக்கு மூளை பாதிக்கப்பட்டு, ஞாபகம் தவறுகிறது. கண்களை மேலும் கீழும் அசைக்க முடியாமற் போகிறது. கண்ணும் தாடையும் ஒரே தாளத்தில் தாமாக அசையும் விசித்திரமான குறி ஒன்று உண்டு. அது அரிதாகவே தோன்றும். தோன்றினால் இந்நோயைத் தவிர வேறெதையும் நினைக்க வேண்டியதில்லை என்பர்.

இப்போது நோயாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். மூட்டுவலிக்கு ஒரு டாக்டர், பேதிக்கு ஒரு டாக்டர், மெலிவுக்கும் ஜுரத்துக்கும் ஒரு டாக்டர், மறதிக்கு வேறொரு டாக்டர். ஒவ்வொருவரும் தம் துறையில் வல்லவரே. ஒவ்வொருவர் கையிலும் இருப்பதோ கதையின் ஓர் ஏடு. ஏடுகளைச் சேர்த்துக் கட்டினாலொழியக் கதை விளங்காது.

தவறான முடிவினால் வரும் கேடும் சிறிதன்று. நம் நாட்டில் மெலிவும் ஜுரமும் நிணநீர்க் கட்டிகளும் சேர்ந்து காணப்பட்டால், முதலில் காசநோயை நினைப்பதே முறை. அதில் குற்றம் இல்லை. ஆனால் காசநோய் மருந்து கொடுத்தும் நோய் அடங்காதபோது, மீண்டும் முதலிலிருந்து யோசிக்க வேண்டும். மூட்டுவாதம் என்று முடிவு செய்துவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம். மூட்டுவாதத்துக்கு இக்காலத்தில் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்துகளும், டி.என்.எஃப். தடுப்பு ஊசிகளும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பவை. உண்மையான வாத நோய்க்கு அவை அரும் மருந்துகளே. உள்ளே விப்பிள் கிருமி இருந்தாலோ, காவற்காரனை உறங்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்தது போல் ஆகும். அத்தகைய மருந்து தொடங்கிய பிறகு நோய் விரைந்து முற்றியவர்களைப் பற்றிய குறிப்புகள் பல உள்ளன. ஆதலால், ரத்தப் பரிசோதனையில் பிடிபடாத மூட்டுவலி ஆண்டுக் கணக்கில் நீடித்து, வாத மருந்துக்கும் இணங்காதிருந்தால், இந்நோயையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவ அறிஞர்கள்.

நினைத்துப் பார்த்துவிட்டால் சோதிக்கும் வழி தெளிவானது. வாய் வழியாக எண்டாஸ்கோப்புக் குழாயைச் செலுத்தி, சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் பல இடங்களிலிருந்து கடுகளவு திசுக்களை எடுக்கிறார்கள். நோய் ஓரிடத்தில் இருந்து அடுத்த இடத்தில் இல்லாதிருக்கக் கூடும்; ஆகவேதான் பல இடங்கள். அந்தத் திசுவில் முன்பு சொன்ன பி.ஏ.எஸ். சாயத்தை ஏற்றிப் பார்க்கிறார்கள். காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமியும், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடத்தில் இதே போன்ற தோற்றத்தை உண்டாக்கும். அதைப் பிரித்தறியக் காசநோய்ச் சாயத்தையும் ஏற்றிப் பார்ப்பார்கள். அந்தக் கிருமி அதில் நிறம் கொள்ளும், விப்பிள் கிருமி கொள்ளாது. இவற்றோடு, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையும் செய்கிறார்கள். இருதயமோ மூட்டோ பாதிக்கப்பட்டிருந்தால் அங்கிருந்து எடுத்த திசுவிலும் நீரிலும் தேடுகிறார்கள். மூளை சம்பந்தமான குறி ஒன்றும் இல்லாவிட்டாலும், தண்டுவட நீரையும் சோதித்துவிடுவது நல்லது. ஏனெனில் கிருமி அங்கே ஓசையின்றிப் பதுங்கியிருப்பது உண்டு.

எச்சரிக்கை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எச்சிலிலும் மலத்திலும் இக்கிருமியின் மரபணு காணப்பட்டது என்பதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டலாகாது. நல்ல ஆரோக்கியத்தோடு நடமாடும் பலர் உடம்பிலும் இது தீங்கு செய்யாமல் தங்கியிருக்கிறது. கழிவுநீரிலும் இது காணப்படுகிறது. கிருமியைச் சந்திப்போர் பலர். நோய்க்கு ஆளாவோர் மிகச் சிலர். அந்தச் சிலரின் எதிர்ப்புச் சக்தியில், இந்த ஒரு கிருமிக்கு மட்டும் ஈடுகொடுக்க முடியாத ஏதோ ஒரு நுட்பமான குறை இருக்கிறது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

சிகிச்சையின் வரலாறும் படிப்பினை நிறைந்தது. பல ஆண்டுகள் டெட்ராசைக்ளின் என்னும் மருந்தே கொடுக்கப்பட்டு வந்தது. இந்த இனத்து மருந்துகளுள் முதலாவதைக் கண்டுபிடித்துத் தந்தது அமெரிக்காவிலுள்ள லெடர்லி ஆராய்ச்சிக் கூடம். அதன் ஆராய்ச்சித் தலைவராக விளங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது நமக்குப் பெருமை. அம்மருந்தால் நோயாளிகள் விரைவில் தேறினார்கள். ஆனால் தேறியது போதும் என்று விட்டவர்கள் பலருக்கு நோய் திரும்பி வந்தது. 1985இல் வெளியான ஓர் ஆய்வில், தொடர்ந்து கவனிக்கப்பட்ட 88 பேரில் 31 பேருக்கு நோய் மீண்டிருந்தது. மூளையில் மீண்டு வந்த நோய்தான் மிகவும் கொடியதாக இருந்தது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் புகாத மருந்து, அங்கே பதுங்கிய கிருமியை விட்டுவிட்டது.

ஆகவே இப்போது இரண்டு கட்டமாகச் சிகிச்சை செய்கிறார்கள். முதல் இரண்டு வாரங்கள், மூளைக்குள்ளும் செல்லக்கூடிய செஃப்டிரையாக்சோன் போன்ற மருந்தை ரத்தக் குழாய் வழியே செலுத்துகிறார்கள். பிறகு ஓராண்டுக் காலம் கோ-டிரைமாக்சசோல் மாத்திரை. 2010இல் ஜெர்மனியிலிருந்து வெளியான ஆய்வில் 40 பேருக்கு இம்முறையில் சிகிச்சை செய்தார்கள். மூன்றாண்டு கழித்தும் நோய் தலைதூக்கவில்லை. ஒரே ஒருவருக்குத் தண்டுவட நீரில் கிருமி எஞ்சியிருந்து, பின்னர் வேறு மருந்துகளால் தீர்ந்தது. இந்த மாத்திரையில் கலந்துள்ள இரண்டு மருந்துகளில் ஒன்று தாக்க வேண்டிய இலக்கே இக்கிருமியிடம் இல்லை என்பதை மரபணுத் தொகுதி காட்டிக்கொடுத்தது. சல்ஃபா மருந்து ஒன்றே அங்கே வேலை செய்கிறது. அதனால் டாக்சிசைக்ளினையும் ஹைட்ராக்சிகுளோரோகுவினையும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்பது மார்சேய் நகரத்தாரின் கொள்கை. கிருமி பதுங்கியிருக்கும் அறையின் அமிலத் தன்மையை இரண்டாவது மருந்து மாற்ற, முதல் மருந்து நன்றாக வேலை செய்கிறது. சல்ஃபா ஒவ்வாதவர்களுக்கும் இவ்வழி உதவும். எவருக்கு எது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டரே.

மருந்து தொடங்கிய சில நாளில் பேதி நிற்கிறது, சில வாரங்களில் மூட்டுவலி விலகுகிறது, எடை கூடுகிறது. இங்கேதான் நோயாளிக்குச் சோதனை. சுகமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தத் தோன்றும். மெதுவாக வளரும் கிருமி மெதுவாகவே சாகும் என்பதை மறவாமல், ஓராண்டை ஒரு நாளும் குறைக்காமல் நிறைவு செய்ய வேண்டும். தேறிவந்த பின் மீண்டும் ஜுரம் கண்டால், அது நோய் திரும்பியதாகவும் இருக்கலாம். விழித்தெழுந்த எதிர்ப்புச் சக்தியின் மிகையான கொந்தளிப்பாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஆகையால் உடனே டாக்டரிடம் செல்ல வேண்டும். முடிந்த பிறகும் பல ஆண்டுகள் இடைவிட்டுச் சோதித்து வருவது அவசியம். மூளையில் நேர்ந்த சேதம் சிலருக்கு முழுவதும் சீராவதில்லை. காலந்தாழ்த்தாமல் கண்டறிய வேண்டும் என்று வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

நேயர்களே, மூட்டில் வலி கண்டவர்கள் எல்லாரும் விப்பிள் நோய் என்று அஞ்ச வேண்டாம். ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட அது இராது. ஆனால் எந்த நீடித்த நோய்க்கும் பொருந்தும் பாடம் ஒன்று இதில் உண்டு. சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு அது மிகவும் வேண்டியது. உத்தியோகத்தின் பொருட்டு நாகபுரியில் மூன்றாண்டு, கொல்கத்தாவில் நான்காண்டு, டில்லியில் சிறிது காலம் என்று மாறிக்கொண்டே இருப்பவர்கள் நாம். ஊர் மாறும்போது டாக்டரும் மாறுகிறார். பாத்திரம் பண்டங்களைக் கணக்குப் பார்த்துக் கட்டும் நாம், பழைய மருத்துவச் சீட்டுகளைக் குப்பையோடு கழித்துவிடுகிறோம். புதிய ஊரில் புதிய டாக்டரிடம், இன்றைய நோவை மட்டும் சொல்கிறோம். கதையின் முந்தைய ஏடுகள் பழைய ஊரிலேயே தங்கிவிடுகின்றன.

மொழியும் இடையே நிற்கிறது. வலி, குடைச்சல், கடுப்பு, உளைச்சல், குத்தல், பிடிப்பு என்று தமிழில் நாம் வேறுபடுத்திச் சொல்லும் நோவுகள் பல. பழகாத மொழியில் டாக்டர் முன் அமர்ந்தால், ‘தர்த்’ என்ற ஒரே சொல்லுக்குள் அவ்வளவும் அடங்கிவிடுகின்றன. பேதியைப் பற்றியும் மறதியைப் பற்றியும் பிற மொழியில் பேசக் கூச்சம் வேறு. டாக்டர் கேளாததை நாம் சொல்வதில்லை; நாம் சொல்லாததை அவர் அறிய வழியில்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு, எந்த ஊரில், உடம்பின் எந்த இடத்தில், என்ன தொல்லை தொடங்கியது, எத்தனை நாள் இருந்தது, என்ன மருந்து சாப்பிட்டோம், கேட்டதா, கேட்கவில்லையா, எடை எவ்வளவு, இவற்றைத் தமிழிலேயே எழுதி வையுங்கள். டாக்டரிடம் போகுமுன் அவ்வூர் மொழி நன்கறிந்த ஒருவரைக்கொண்டு அதை ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பரிசோதனைச் சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி வையுங்கள். மூட்டு டாக்டரிடம் பேதியையும் சொல்லுங்கள். வயிற்று டாக்டரிடம் மூட்டையும் சொல்லுங்கள். சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது அவர் வேலை. ஒன்றையும் விடாமல் சொல்வது நம் வேலை.

1907இல் நுண்நோக்கியின் கீழே கிருமி இருந்தது, கண்டவரும் இருந்தார், எழுதி வைத்த குறிப்பும் இருந்தது. அக்குறிப்பை மற்றச் செய்திகளோடு இணைத்துப் படிக்கும் காலம் வந்தபோதுதான் ஒரு கொடிய நோய் தீரும் நோயாயிற்று. நம் உடம்பைப் பற்றிய குறிப்புகளையாவது, இணைத்துப் படிப்பதற்கு வசதியாக நாம் எழுதிக் காத்து வருவோமாக.